கடுவனும் பெட்டையும் ஒரே கூட்டில்: கினிப்பன்றிகளைச் சேர்த்து வைக்க முழுமையான வழிகாட்டி

கினிப்பன்றிகளில் எந்தச் சோடி சிக்கல் இல்லாமல் வாழும் என்று கேட்டால், நலமடித்த, அதாவது விதை நீக்கிய, ஒரு கடுவனும் ஒரு பெட்டையும் என்றே சொல்வேன். இரண்டு கடுவன்கள் குட்டியில் ஒட்டிக்கொண்டு திரிந்துவிட்டு, வளர்ந்ததும் கடித்துக் குதறிக்கொள்ளலாம். இரண்டு பெட்டைகள் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆனால் இரண்டுக்கும் அதிகார ஆசை இருந்தால் நாள் முழுக்க முறுகல்தான். கடுவனும் பெட்டையும் என்றால் யார் பெரியவர் என்ற வழக்கு கெதியாகத் தீரும், அநேகமாகப் பெட்டையின் பக்கம்.

தனியாக ஒன்றை வளர்த்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இது கூட்டமாக வாழும் பிராணி. சுவிற்சர்லாந்தில் 2008ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டவிதிகளின்படி கினிப்பன்றியைத் தனியாக வைத்திருக்கக் கூடாது. நாங்கள் எவ்வளவு தடவிக் கொடுத்தாலும் அதன் பாசையில் கதைக்க எங்களால் ஏலாது.

சேர்த்து வைக்கும் முயற்சிகள் பிழைப்பது பெரும்பாலும் மிருகங்களால் அல்ல, ஆட்களால். ஒன்றில் நலமடித்த கையோடு அவசரப்பட்டுச் சேர்த்துவிடுவார்கள், அல்லது சேர்த்த பிறகு ஒரு சின்னச் சத்தத்துக்கே பயந்து பிரித்துவிடுவார்கள். பொறுக்க வேண்டிய இடத்தில் அவசரம், விட்டுவிட வேண்டிய இடத்தில் தலையீடு. கீழே சொல்வதில் முக்கால்வாசி இந்த இரண்டையும் தவிர்ப்பதைப் பற்றியதுதான்.

முதலில் எது கடுவன், எது பெட்டை

"இரண்டும் பெட்டைதான்" என்று சொல்லித் தருவதை நம்ப வேண்டாம். மடியில் வைத்து, முன்னங்கால்களுக்குக் கீழே ஒரு கையால் தாங்கி, மற்றக் கையை இடுப்புக்குக் கீழே கொடுத்து வயிற்றுப் பக்கத்தைப் பாருங்கள். பெட்டைக்கு அந்த இடம் ஆங்கில 'வை' எழுத்தின் வடிவில் பிளந்திருக்கும். கடுவனுக்கு வட்டமான சிறு மொட்டு. மொட்டுக்குச் சற்று மேலே பெருவிரலால் மெல்ல அழுத்தினால் உள்ளே குச்சிபோல ஒன்று தட்டுப்படும், நுனி வெளியே வரும். வளர்ந்த கடுவனுக்கு இரு பக்கமும் விதைகள் புடைத்துத் தெரியும்.

பெட்டை வேறு கடுவன்களோடு ஒரே பெட்டியில் இருந்து வந்திருந்தால் சினையாக இருக்கலாம். சினைக்காலம் 59 முதல் 72 நாள். ஆகவே வந்த நாளிலிருந்து பத்துக் கிழமையும் சில நாளும் கழியும்வரை "இல்லை" என்று அடித்துச் சொல்ல முடியாது. குட்டி ஈன்றால், ஈன்ற சில மணித்தியாலங்களிலேயே பெட்டை மறுபடி சினைப்படக்கூடும். கடுவன் குட்டிகளை மூன்று கிழமையில் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும். அந்த வயதிலேயே அவை ஏறத் தொடங்கிவிடும்.

இதில் இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால், பெட்டைக்கு ஏழெட்டு மாதமாகும்போது இடுப்பெலும்பின் முன்மூட்டு இறுகத் தொடங்கும். அதற்கு முன் ஒருதரமும் ஈனாத பெட்டை அதற்குப் பிறகு சினைப்பட்டால் குட்டி வெளியே வர வழியில்லாமல் தாயும் குட்டியும் சேர்ந்து போகலாம். தெரியாமல் நடந்த ஒரு சேர்க்கை உயிரையே எடுத்துவிடும்.

நலமடித்தல்

பெட்டைக்குக் கருப்பை எடுப்பது பெரிய வேலை, வயிற்றைத் திறக்க வேண்டும். கடுவனுக்குச் செய்வது சின்ன வேலை. அதனால்தான் வழமையாகக் கடுவனை நலமடிக்கிறார்கள்.

எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்து மிருக வைத்தியர்களுக்கு அன்றாடம் வருவது மாடு, ஆடு, நாய், பூனை. மாட்டுக்குக் கிட்டி போட்டு நசுக்குவதுபோல இதற்குச் செய்ய முடியாது. கினிப்பன்றிக்கு விதைகள் வயிற்றுக்குள் போய்வரும் வழி வாழ்நாள் முழுதும் திறந்தே இருக்கும். விதையை எடுத்த பிறகு அந்த வழியைத் தைத்து மூடாவிட்டால் குடல் இறங்கிவிடும் ஆபத்து உண்டு. எனவே, முயலுக்கோ கினிப்பன்றிக்கோ இந்தச் சத்திரசிகிச்சை செய்த அனுபவம் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல வைத்தியர் கோபிக்க மாட்டார். இங்கே ஆள் கிடைக்காவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலையில் விசாரிக்கலாம். கண்டிப் பக்கம் கொண்டுபோவதென்றால் வெயில் ஏறும் நேரத்தில் பயணம் வேண்டாம். இரவிலோ, குளிரூட்டிய வாகனத்திலோ போங்கள்.

வைத்தியசாலைக்குப் போகுமுன் பட்டினி போடக் கூடாது. நாய்க்கும் பூனைக்கும் பட்டினி சொல்வார்கள், அந்தப் பழக்கத்தில் இதற்கும் யாராவது சொல்லலாம். கினிப்பன்றிக்கு வாந்தி எடுக்க வராது, வயிறு வெறுமையானால் குடல் ஓட்டம் நின்றுவிடும். புல்லையும் கொஞ்சம் குழையையும் கூடவே கொண்டுபோங்கள். மயக்கம் தெளிந்ததும் வாய்க்கு முன்னால் இருக்க வேண்டும். மணிக்கணக்காக வாய் அசையவில்லை என்றால் உடனே வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பெனிசிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து, நஞ்சுண்டாக்கும் கிருமி பெருகி, உயிர் போகும். பிள்ளைகளுக்கு வாங்கி மிஞ்சிய அமொக்சிசிலின் பாணி அநேகமாக எல்லா வீட்டுக் குளிர்ப்பெட்டியிலும் இருக்கும். அதில் ஒரு துளிகூடக் கொடுக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் மரத்தூளை எடுத்துவிட்டு வெள்ளைத் துவாய் விரியுங்கள். தூள் காயத்தில் ஒட்டும், வெள்ளைத் துணியில் இரத்தமோ சீழோ பட்டால் தெரியும். துவாயைத் தினமும் மாற்றுங்கள். இரண்டு கிழமைக்கு ஒவ்வொரு நாளும் அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். சீழ்க்கட்டு வருவது இந்தச் சத்திரசிகிச்சையில் அடிக்கடி காணும் சிக்கல். கடினமான கட்டி தட்டுப்பட்டால் தாமதிக்க வேண்டாம்.

ஆறு கிழமை

விதையை எடுத்த பிறகும் விந்து போகும் குழாயில் உயிரணு மிச்சம் இருக்கும். ஆறு கிழமை காத்திருப்பதே பாதுகாப்பு. மூன்றே போதும் என்பவர்களும் உண்டு. நான் ஆறில் நிற்பேன். மூன்று கிழமை மிச்சம் பிடிப்பதற்காகப் பெட்டையின் உயிரைப் பணயம் வைப்பது எனக்கு விளங்காத கணக்கு.

இந்தக் காலம் வீணாகப் போவதில்லை. புதிதாக வந்தது எதுவாக இருந்தாலும் முதல் இரண்டு மூன்று கிழமை வேறு அறையில் இருக்கட்டும். சொறிப்பூச்சி, படர்தாமரை, சளி எல்லாம் வெளியே தெரிய நாளெடுக்கும். படர்தாமரை பிள்ளைகளுக்கும் தொற்றும். பழைய கினிப்பன்றிக்கு முதலில் சாப்பாடு வையுங்கள், பிறகு புதியதற்கு, பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சொறிப்பூச்சிக்கு மருந்து உண்டு, ஆனால் ஆட்டுக்கு அடிக்கும் அளவைக் கண்மதிப்பில் குறைத்துக் கொடுக்கிற வேலை வேண்டாம். வைத்தியர் நிறுத்துப் பார்த்து அளவு சொல்லட்டும்.

அதன் பிறகு இரண்டு கூடுகளையும் ஒரே அறையில் வைக்கலாம். ஒன்றையொன்று மணக்கவும் கேட்கவும் முடிந்தால் போதும். இரண்டு கூட்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விடுங்கள். ஒற்றைக் கம்பிவலைதான் நடுவில் என்றால், ஆறு கிழமை முடியுமுன் அந்த வலைக்கூடாகவே காரியம் நடந்துவிடும். சும்மா சொல்லவில்லை, கினிப்பன்றிகளால் அது முடியும். சில நாளுக்கு ஒருக்கால் ஒன்றின் துணியை மற்றதன் கூட்டில் போட்டு வாருங்கள், மணம் பழகும்.

கூடு

இங்கே பலர் கோழிக்கூட்டைத் திருத்திக் கொடுக்கிறார்கள். கம்பிவலை அடித்தளம் கூடாது. உள்ளங்கால் புண்ணாகி எலும்புவரை போகும். தளம் தட்டையாக, மெத்தென்ற துணியோ கனமான புல்லோ போட்டதாக இருக்கட்டும். இரண்டுக்கு ஏழரைச் சதுர அடி என்பது ஆகக் குறைந்த அளவு. தச்சரிடம் சொல்வதென்றால் ஆறடி நீளம், இரண்டடி அகலம் என்று சொல்லுங்கள். மாடி வைத்த உயரக் கூட்டால் பயனில்லை, இவை ஓடுகிற பிராணிகள், ஏறுகிறவை அல்ல. இடம் போதாததால் வரும் சண்டையைக் குணத்தால் வரும் சண்டை என்று நினைத்து, கடைசியில் கடுவனைக் குறை சொல்லுவோம்.

ஒளிய இடம் தலைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் வேண்டும். ஒரு வாசல் வீட்டுக்குள் ஒன்றை மற்றது மறித்து நின்றால் உள்ளே இருப்பதற்குத் தப்ப வழியில்லை, கடிதான் வழி. இதற்கு எங்கள் ஊரில் கைகண்ட பொருள் பழைய கடகம். சாயம் போடாத பனையோலைக் கடகத்தைக் கவிழ்த்து, எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ளங்கை அளவு வாசல் வெட்டுங்கள். பொத்திய விளிம்பை வெட்டாமல் விட்டுக் கொஞ்சம் உள்ளே வெட்டினால் ஓலை பிரிந்துபோகாது என்று நினைப்பீர்கள், ஆனால் கவிழ்த்து வைக்கும்போது அந்த விளிம்பே வாசற்படியாகித் தடுக்கும். விளிம்போடு சேர்த்து வெட்டி, அறுந்த இடத்தைப் பருத்தி நூலால் கட்டிவிடுங்கள். காற்றுப் போகும், கொறித்தாலும் பாதகமில்லை. பிளாஸ்ரிக் வீடுகள் எங்கள் வெக்கையில் அடுப்புத்தான்.

தண்ணீர்ப் போத்தல் இரண்டு, சாப்பாட்டுத் தட்டு இரண்டு, தூரத் தூர. கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர் என்பது யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதல்ல. போத்தல் முனையில் உள்ள குண்டு உப்புப் படிந்து இறுகிவிடும், தினமும் விரலால் தட்டிப் பாருங்கள். கினிப்பன்றிக்குச் சிறுநீர்ப்பையில் சுண்ணாம்புக் கல் வருவது சாதாரணம் என்பதால் வடிகட்டிய தண்ணீர் நல்லது.

நாளும் நேரமும்

தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைக் குளிரில் இருந்து வந்த இனம் இது. 18 முதல் 24 பாகை வரை இதற்குச் சுகம், 30ஐ நெருங்கினால் ஆபத்து. புதிய சோடி ஒன்றையொன்று துரத்தும்போது உடம்புச் சூடு இன்னும் ஏறும். மார்கழி முதல் மாசி வரையான குளிர்ந்த காலம் கிடைத்தால் அதுவே நல்லது. சித்திரை வெயிலில் தொடங்க வேண்டாம். எந்த மாதமானாலும் விடியற்காலை ஆறு மணி, ஓட்டு வீட்டின் சீமெந்து நிலம், யன்னல் திறந்து. அஸ்பெஸ்ரஸ் கூரைக்குக் கீழே உள்ள அறை வேண்டாம். கோயில் திருவிழா வெடியும் ஒலிபெருக்கியும் உள்ள நாளைத் தவிருங்கள். மின்சாரம் நின்றால் கைகொடுக்க உறையவைத்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்திருங்கள்.

விறாந்தையில் செய்வதென்றால் பூனை, கீரி, காகம் வராத பக்கமாகப் பாருங்கள். பிள்ளைகள் பார்க்கலாம், பேசாமல் தூர இருந்து.

சேர்க்கும் நாள்

1. இரண்டும் இதுவரை கால் வைக்காத நிலத்தில் ஆறடிக்கு நாலடியாவது தடுத்து எடுங்கள். ஒன்றின் கூட்டுக்குள் மற்றதை விடுவதுதான் பலர் செய்வது. அது ஒருவர் வீட்டுக்குள் அத்துமீறி நுழைவதாகிவிடும்.

2. நடுவில் ஒரு பெரிய புற்குவியல், மூலைகளில் சின்னக் குவியல்கள். அறுகம்புல், கினிப்புல், கரட் இலை, வல்லாரை, இரண்டு துண்டு கறிமிளகாய். கறிமிளகாயில் வைற்றமின் சி நிறைய. கினிப்பன்றியின் உடம்பு அதைத் தானே ஆக்காது, மனவுளைச்சல் உள்ள நாளில் தேவையும் கூடும். தோட்டத்து வரம்பில் பிடுங்கிய புல் என்றால் பூச்சிமருந்து அடிக்காத தோட்டமா என்று கேட்டு எடுங்கள். வெங்காயத்தாள், தக்காளி இலை, உருளைக்கிழங்கு இலை, மரவள்ளி இலை கிட்டவும் வரக் கூடாது.

3. இந்த நேரத்துக்கு வீடு ஒன்றும் வைக்க வேண்டாம், அல்லது இரு பக்கமும் திறந்த வளைவு மட்டும். ஒரு தடித்த துவாயும் குப்பை அள்ளியும் கைக்கெட்ட இருக்கட்டும். சண்டை வந்தால் நடுவில் விடுவது அதைத்தான், வெறுங்கையை அல்ல. கினிப்பன்றிக் கடி தையல் கேட்கும்.

4. இரண்டையும் ஒரே நேரத்தில், எதிரெதிர் மூலையில் விடுங்கள். பிறகு தள்ளி உட்கார்ந்து வாயையும் கையையும் கட்டிக்கொள்ளுங்கள்.

முதல் கால் மணித்தியாலம் அநேகமாக இப்படித்தான் போகும். இரண்டும் சாப்பிடுவதுபோல நடிக்கும். கடுவன் மூக்கை நீட்டி மணந்து, அவளுக்குப் பின்னால் போவான். பின்புறத்தை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி, மேசையில் வைத்த கைத்தொலைபேசி அதிர்வதுபோல உறுமிக்கொண்டு சுற்றிவருவான். அவள் நகர்வாள். அவன் ஏறப் பார்ப்பான், சிலநேரம் தலைப் பக்கமாக. அவள் திரும்பி நின்று பல்லை நெறுமுவாள், அவன் விலகாவிட்டால் பின்பக்கமாக மூத்திரத்தை அவன் முகத்துக்கே பீய்ச்சுவாள், குறி தப்பாது. அவன் முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி போவான்.

இதெல்லாம் நல்ல சகுனம். நலமடித்தவன் ஏன் ஏறுகிறான் என்று பதற வேண்டாம். அது பிள்ளை பெறுவதற்கு மட்டுமல்ல, தன் நிலையைச் சொல்வதற்கும்தான். துரத்துவது, நிலத்தில் பின்புறத்தைத் தேய்ப்பது, மூக்கை மேலே தூக்கி யார் உயரம் என்று பார்ப்பது, ஒரு பிடி மயிர் பறப்பது எல்லாம் நடக்கும். நடுவில் ஒன்று கீச்சிடும். கீச்சிடுவது பெரும்பாலும் "சரி, நீதான் பெரியவர்" என்பதுதான்.

பிரிக்க வேண்டிய அடையாளங்கள் வேறு. கழுத்து மயிர் சிலிர்த்து, பல் இடைவிடாமல் நெறுமி, வாயை அகலத் திறந்து பல்லைக் காட்டி, ஒன்று மற்றதை நேராகப் பாய்ந்தால் உசாராகுங்கள். இந்த நிலையில் துவாயை நடுவில் போட்டால் பலநேரம் அடங்கிவிடும். இரண்டும் பிணைந்து உருண்டாலோ ஆழமாகக் கடித்து இரத்தம் வந்தாலோ உடனே பிரித்துவிடுங்கள். காது விளிம்பில் ஒரு கீறல் அந்தக் கணக்கில் சேராது. வாய் பிளந்து மூச்சு வாங்கினால், காது சூடாகி எச்சில் வடிந்தால் அது வெக்கை. அன்றைய முயற்சியை நிறுத்திவிட்டு, ஈரத்துணியால் காதையும் காலையும் துடைத்து வைத்தியரை அழையுங்கள். பனிக்கட்டித் தண்ணீரில் அமுக்க வேண்டாம்.

இந்த அடையாளங்கள் இல்லாவிட்டால் பிரிக்கக் கூடாது. "இன்றைக்கு இவ்வளவு போதும், நாளைக்கும் கொஞ்சம்" என்று எடுத்து வைத்தால் முடியாத வழக்கை ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து விசாரிக்க வைக்கிறீர்கள். மூன்று நாலு மணித்தியாலமாவது அப்படியே விடுங்கள். இரண்டும் ஒரே குவியலில் சாப்பிட்டு, ஒன்றாவது காலை நீட்டிப் படுத்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டையும் ஒன்றாகக் குளிப்பாட்டினால் ஒட்டிவிடும் என்று ஒரு பழைய ஆலோசனை சுற்றுகிறது. பயத்தில் ஒட்டிக்கொள்வதை நட்பு என்று எண்ணிச் சொன்னது அது. சளிதான் மிச்சம்.

கூட்டுக்குள் போதல்

அவை நிலத்தில் இருக்கும்போதே கூட்டை வினாகிரி கலந்த தண்ணீரால் துடைத்து, துணி மாற்றி, கடகங்களை இடம் மாற்றி வையுங்கள். பழைய ஆளுக்கும் அது புது வீடாகத் தெரிய வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் உள்ளே விடுங்கள். மறுபடி கொஞ்சம் துரத்தல் நடக்கும், இடம் மாறியதால் கணக்கை மீளப் பார்க்கிறார்கள். முதல் இரவு அதே அறையில் படுத்தால் உங்களுக்கு நித்திரை குறையும், அவ்வளவுதான்.

யார் பெரியவர் என்ற விசயம் முழுதாகத் தணிய இரண்டு கிழமை வரை எடுக்கலாம். அதுவரை ஒவ்வொரு நாளும் காலையில் கேக் அடிக்கும் தராசில் இரண்டையும் நிறுத்து எழுதுங்கள். கண்ணுக்குத் தெரியாததைத் தராசு சொல்லும். ஒன்று 50 கிராமுக்கு மேல் இறங்கினால் மற்றது சாப்பிட விடவில்லை, அல்லது நோய். முதலில் தட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள், இறக்கம் தொடர்ந்தால் வைத்தியர். அரை நாள் ஒன்றும் தின்னாமல் இருப்பது அவசரம், தராசுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பெட்டைக்கு ஏறத்தாழ 16 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும். நல்லாக ஒத்துப்போன சோடி அன்றைக்கு மட்டும் மறுபடி முதல் நாள்போல் ஆடும், அடுத்த நாள் அடங்கும். ஆனால் பெட்டையே நாள்தோறும் ஓயாமல் மற்றதன் மேல் ஏறி, சினந்து, இரு விலாவிலும் ஒரே மாதிரி மயிர் உதிர்ந்தால் அது குணமல்ல. சூலகக் கட்டியாக இருக்கலாம், வயது போன பெட்டைகளில் அடிக்கடி காண்பது. காட்டுங்கள்.

ஒத்துவராவிட்டால்

இரத்தம் வந்து பிரித்தால், காயம் ஆறும்வரை பக்கத்துப் பக்கத்துக் கூட்டில் வையுங்கள். இரண்டாம் முறை இன்னும் பெரிய இடம், வேறொரு அறை. அதிலும் இரத்தம் என்றால் அந்த இரண்டும் வலைக்கு இரு பக்கமும் வாழட்டும். மணந்து கதைத்துக்கொண்டு வாழ்வதும் தனிமையல்ல. இப்போது ஆறு கிழமைப் பயம் இல்லாதபடியால் ஒற்றை வலை போதும்.

இளம் கடுவனோடு வயது வந்த பெட்டை என்ற சேர்க்கையே எனக்குப் பிடித்தது. அவள் ஒழுக்கம் பழக்குவாள். ஒத்துப்போன சோடிக்கு மூன்றாவதாக ஒன்று வேண்டுமென்றால் பெட்டையாக எடுங்கள், இதே வழியில் புது நிலத்தில் மூன்றையும் ஒன்றாக விடுங்கள். இன்னொரு கடுவனை, நலமடித்திருந்தாலும், பெட்டை இருக்கும் கூட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.